தம்ளரில் நல்ல தண்ணீர்

அழுதால் நல்லது, அழாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று கஸ்பார் சொன்னது பாப்பாவைப் பற்றி இல்லை, படகு எஞ்சினைப் பற்றி. சாவியைத் திருப்பியதும் பஸ்ஸர் அழ வேண்டும், அப்போது எஞ்சின் ஓடவில்லை, எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை, அதைச் சொல்லித்தான் அழுகிறது. எஞ்சின் ஓட ஆரம்பித்தால் அழுத்தம் ஏறும், அழுகை நிற்கும், அவ்வளவுதான், நம்ம பாப்பாவ விடச் சமத்து கேட்டியா, என்று சிரித்தார். கொச்சியில் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுகிறது, காரணம் தெரியவில்லை, அழுதால் நிறுத்தாமல் இருக்க முடியாது, எண்ணெய் இல்லாமல் ஓடினால் எஞ்சின் இறுகி ஒரேயடியாக நின்றுவிடும்; அதனால் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, எண்ணெயைப் பார்த்து, எண்ணெய் நிறைய இருக்கிறது, விளக்கை அடித்துத் தேடி, ஒழுகவில்லை, அழுத்தம் பார்க்கிற சுவிட்சையே குளச்சலில் புதிதாக வாங்கி மாட்டி, மாட்டிய மறுநாளும் அழுது, இன்றைக்கு மத்தியானம் இந்தச் சின்னமுட்டம் துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டுவிட்டு, டீசல் வாங்கச் சின்னப் படகில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போகிறார், நாளைக்குக் காலையில இந்தத் தொறமுக வாயில வச்சு எஞ்சின நிறுத்த முடியாது டெல்பி, ரெண்டு பக்கமும் கல்லு, வாடைக்காத்து நேரா மூஞ்சில அடிக்கும், பாய வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. வந்து அந்த வயர வெட்டிருதேன். அழுதாத்தான நிறுத்தணும்? நீ பயப்படாம பாப்பாவப் பாத்துக்க. துடுப்புச் சத்தம் போய்விட்டது. பாப்பா தொட்டிலில் தூங்குகிறது. நான் பயப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெட்டிவிட்டால் அழாது. பிரசவ அறையில் அப்படித்தான் இருந்தது, எல்லோரும் என்னவோ செய்துகொண்டிருந்தார்கள், கத்திரி விழுகிற சத்தம்கூடக் கேட்டது, ஒரு சத்தம் மட்டும் கேட்கவில்லை, நர்ஸம்மா காலைப் பிடித்துத் தூக்கி உள்ளங்காலில் சுண்டினாள், மறுபடி சுண்டினாள், நான் மேலே சுற்றுகிற மின்விசிறியின் ஒரு இறக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த இறக்கையில் துரு இருந்தது, பிறகு அழுதது. அதற்குப் பிறகு எந்த அழுகையையும் நிறுத்த எனக்கு அவசரமே வந்ததில்லை. அம்மா திட்டுவாள், பிள்ள அழுது, இவ மொகத்தப் பாருங்க, பாட்டுக் கேக்குத மாதிரி உக்காந்திருக்கா. அம்மா நேற்றுப் போனிலும் திட்டினாள். கைப்பிள்ளையத் தூக்கிட்டு எவளாவது கடல்ல வருவாளா, ரயில் ஓடலையா ஊர்ல, சர்ச்சுல ஞானஸ்நானத்துக்கு நாள் குறிச்சாச்சு, வெள்ளக் கவுன் தைக்கக் குடுத்தாச்சு, நீ பாட்டுக்குச் சுறாவுக்குக் குடுத்துறாத. முதலாளி இந்தப் பாய்ப்படகைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகச் சொன்னபோது, கஸ்பார் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. நான்தான் வருவேன் என்றேன். தைரியத்தில் இல்லை. ரயிலில் உட்கார்ந்துகொண்டு அவர் கடலில் இருக்கிறார் என்று நினைப்பதைவிட, கடலிலேயே உட்கார்ந்துகொண்டு நினைக்காமல் இருக்கலாம் என்று பட்டது. அந்தக் கணக்கு தப்பு. இங்கே நினைப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்துத் தட்டில், தம்ளர் சாயாமல் நிற்கிற குழிக்குள், ஒரு தம்ளர் நல்ல தண்ணீர் வைத்திருக்கிறேன், மேலே சாஸரால் மூடி. குடிக்க இல்லை. எதற்கென்று கஸ்பாருக்குத் தெரியாது. படகு ஆடும்போதெல்லாம் சாஸர் மெல்லப் பல்லைக் கடிக்கிற மாதிரிச் சத்தம் போடும், நான் மட்டும்தான் கேட்பேன்.

பள்ளியில் சிஸ்டர் கொன்சலாத்தா அந்தப் பொம்மையை அலமாரியிலிருந்து எடுத்துவரும்போதே வகுப்பு முழுக்கச் சிரிப்பு ஆரம்பித்துவிடும். ஒரு கண் இல்லாத பொம்மை, இன்னொரு கண் படுக்கவைத்தால் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். உயிராபத்தில் இருக்கிற குழந்தைக்குக் குரு வரும்வரை காத்திருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், நீங்கள்கூடக் கொடுக்கலாம், சிரிக்காதீர்கள், ஒரு நாள் உங்களில் யாராவது ஒருத்திக்குத் தேவைப்படும். நல்ல தண்ணீர் வேண்டும். எச்சில் கூடாது, பால் கூடாது. தலையில் ஊற்றிக்கொண்டே பெயரைச் சொல்லி, மூன்று முறை. மத்தியான வெயிலில் கொய்யா மரத்து நிழல் ஜன்னல் வழியாக வந்து மேசையில் ஆடும், தரை துடைத்த பினாயில் வாசனை, டிபன் டப்பாக்களில் மிச்சமிருக்கிற குழம்பின் வாசனை, வரிசையாகப் போய் ஒவ்வொருத்தியாய்ப் பொம்மையின் தலையில் ஊற்றுவோம், பித்தளைச் சொம்பிலிருந்து. ஒருத்தி ஆக்னஸ் என்பாள், ஒருத்தி பிலோமினா என்பாள், வினோலியா என்னைப் பார்த்துக்கொண்டே டெல்பின் என்றாள், பொம்மைக்கு என் பெயரை வைத்துவிட்டாள், அந்த வருஷம் முழுக்க என்னை ஒத்தைக்கண்ணி என்று கூப்பிட்டார்கள். சிஸ்டரின் கையில் ஒரு டவல் இருக்கும், ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்குப் பிறகும் பொம்மையின் தலையைத் துவட்டுவார், சளி பிடித்துவிடும் என்பது போல. ஒரு நாள் உங்களில் யாராவது ஒருத்திக்கு. வினோலியா இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள், லிஃப்ட் வைத்த ஆஸ்பத்திரி, ஏசி போட்ட பிரசவ அறை, அவளுக்கு எதற்குத் தேவைப்படப் போகிறது. ஒத்தைக்கண்ணிக்குத்தான். இப்படி நினைக்கக் கூடாது. தண்ணீரைப் பக்கத்தில் வைப்பது ஒன்று, நினைப்பது ஒன்று, இரண்டும் ஒரே பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால் குரு சிரிப்பார்.

வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம். விசைப்படகுகள் கரையோடு கரையாக ஒட்டிக் கட்டிக்கிடக்கின்றன, பச்சை, நீலம், மஞ்சள், நடுவில் எங்கள் வெள்ளைப் படகு கல்யாண வீட்டில் வந்து நிற்கிற வெள்ளைக்காரன் மாதிரி. கருவாட்டு வாசம் உள்ளே வந்து டீசல் வாசத்தோடு கலந்து, பாப்பாவின் பவுடர் வாசத்தோடும் கலந்து, எனக்கென்னவோ இது பிடித்திருக்கிறது, பயம் இல்லாவிட்டால் மிகவும் பிடித்திருக்கும். படிக்கட்டுக்குக் கீழேயிருக்கிற மூடியைத் தூக்கினால் எஞ்சின். அதன் பக்கவாட்டில் விரல் நகம் அளவுக்கு அந்தப் புது சுவிட்ச், அதிலிருந்து ஒற்றை வயர், நீல நிறம், மரச்சுவருக்குப் பின்னால் மற்ற வயர்களோடு சேர்ந்து ஓடி, மேலே சாவியும் விளக்கும் பஸ்ஸரும் இருக்கிற பலகைக்குப் போகிறது. இவ்வளவுதானே. பஸ்ஸர், வயர், சுவிட்ச். இதைவிடக் கஷ்டமான ஒன்றை நாங்கள் செய்திருக்கிறோம், வினோலியாவும் நானும், ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக் கண்காட்சிக்கு. ஒரு பலகை, இடது பக்கம் நாடுகள், வலது பக்கம் தலைநகரங்கள், வயரின் ஒரு முனையை நாட்டில் வைத்து இன்னொரு முனையைச் சரியான தலைநகரத்தில் வைத்தால் பல்பு எரியும். தப்பாக வைத்தால் எரியாது. ராத்திரி படிப்பு நேரத்தில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வயர் சுரண்டினோம், பல்லால். வினோலியாவின் பல்லில் செம்புக் கம்பி மாட்டிக்கொண்டது. மேசையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரி, பெரு என்றால் லிமா, எரிந்தது, பெரு என்றால் பாரிஸ், எரியவில்லை. மறுநாள் ஆண்டவர் வந்தார், மேற்றிராணியார், பிஷப்பை அப்படித்தான் சொல்வோம், ஊதா இடுப்புக்கச்சையோடு எங்கள் பலகைக்கு முன்னால் நின்றார், வயரைக் கையில் எடுக்கவே இல்லை, அதற்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் வயரை எடுத்தார், எரிந்தது. கீழே வைத்தார், எரிந்தது. இந்தப் பிள்ளைகள் ரொம்ப இரக்கமுள்ளவர்கள், யாரையும் ஃபெயிலாக்க மாட்டார்கள் என்றார். சிஸ்டர்கள் எல்லோரும் சிரித்தார்கள், கொன்சலாத்தா சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, என் காதைப் பிடிப்பதற்கு ஆண்டவர் போவதற்காகக் காத்திருந்தார். ஏன் எரிந்தது? மேசையில் சரியாக இருந்தது. பிறகு கண்டுபிடித்தோமே. என்னவோ ஒன்று. வினோலியா சொன்னாள், அடச் சீ, இதுதானா என்று. அவள் முகம் நினைவிருக்கிறது, கையில் எதையோ பிடித்துத் தூக்கிக் காட்டினாள், அந்தக் கை நினைவிருக்கிறது, கையில் இருந்தது மட்டும் நினைவில் இல்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் இருட்டிவிடும், அவர் வந்துவிடுவார், வெட்டிவிடுவார். வெட்டியபின் நாளைக்கு அந்த வாயில் உண்மையிலேயே எண்ணெய் இறங்கினால், ஒன்றும் சொல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல், நடு வாயில் எஞ்சின் நிற்கும். கல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று உள்ளே வரும்போது பார்த்தேன், பாசி தெரிந்தது, பாசியில் நண்டு தெரிந்தது. எழுந்தேன். பாப்பாவின் பால்துணியை எடுத்து மேலே போய் பஸ்ஸரின் மேல் வைத்து அமுக்கிக் கட்டினேன், எழுந்துவிடக் கூடாதே. சாவியைத் திருப்பினேன். துணிக்குள்ளிருந்து வாய்பொத்திய அழுகை. சரி, அழ வேண்டும், அழுகிறது. கீழே வந்து மூடியைத் தூக்கி, அந்த நீல வயரைச் சுவிட்சிலிருந்து இழுத்தேன், வரவில்லை, இன்னும் கொஞ்சம், வந்துவிட்டது. அழுகை நின்றது. எவ்வளவு அமைதி. ஐஸ் உடைக்கிற சத்தம், தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுகிற சத்தம். அமைதி வந்ததும்தான் அதன் அர்த்தம் புரிந்தது. வயரைக் கழற்றியதும் நிற்கிறது என்றால் வயரில் குற்றமில்லை, பலகையில் குற்றமில்லை. சுவிட்சும் புதுசு. அப்படியென்றால் இவ்வளவு நாளும் அது பொய் சொல்லவில்லை. எண்ணெய் உண்மையிலேயே இறங்குகிறது, உள்ளே எங்கோ, நாங்கள் பார்க்க முடியாத இடத்தில். சாவியைத் திருப்பி அணைக்கக்கூடத் தோன்றவில்லை, அந்த வயரின் நுனியைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டேன், ஜெபமாலையைப் பிடிக்கிற மாதிரி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்.

மாதா என் ஜெபத்தைக் கேட்டாரே. முட்டம் முனையைத் தாண்டும்போது அழுதது, காற்று பக்கவாட்டில், படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து, கஸ்பார் எஞ்சினை நிறுத்தினார், படகு பாறைகளைப் பார்த்துப் போனது, நான் உள்ளே ஓடிப் பாப்பாவைத் தொட்டிலிலிருந்து அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னேன், சொல்லச் சொல்ல அவர் மறுபடி ஓடவிட்டார், அழவில்லை. குளச்சலுக்கு முன்னாலும் அப்படித்தான். அழுதது, ஓடினேன், அள்ளினேன், சொன்னேன், நின்றது. மாதா வந்து எண்ண ஊத்திட்டுப் போயிட்டாங்க போல, என்றார் கஸ்பார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவ நல்ல பிராண்டா ஊத்தச் சொல்லு. எனக்குக் கோபம் வந்தது. துறைமுகத்தில் கட்டிவைத்துக்கொண்டு மணிக்கணக்காக ஓடவிட்டுப் பார்ப்பார், பாப்பாவைச் சத்தத்திலிருந்து தள்ளி முன்பக்கம் மடியில் வைத்திருப்பேன், பஸ்ஸர் அழவே அழாது. கடலுக்குப் போனால் அழும். கடலைப் பார்த்தா அழுகிற எஞ்சின், உன்னைய மாதிரி, என்றார். இப்போது மேலே யாரோ குய் என்றார்கள். சின்னக் குய். எலியா. துறைமுகத்தில் எலி கயிற்றின் வழியாக ஏறும் என்பார்கள். பாப்பா காலை உதைத்துக்கொண்டு முனகியது, தொட்டில் அசைந்தது, குய். நான் எட்டி, வயரை விடாமலே இன்னொரு கையால் தொட்டிலை ஆட்டினேன், ஓ ஓ, ஒன்றுமில்லை, தூங்கு. குய். அந்தப் பக்கம் போனது, ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் வந்தது, குய். பால்துணிக்குள்ளிருந்து. வயர் என் கையில் இருக்கிறது. எஞ்சினோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அது தொட்டிலோடு சேர்ந்து அழுகிறது. நிறுத்தினேன். நின்றது. ஆட்டினேன். அழுதது. வினோலியாவின் கையில் இருந்தது ஆணி. ஆணி, ஆணி, பலகையைச் சுவரில் மாட்டுவதற்காகக் கண்காட்சி அன்று காலையில் நாங்களே அடித்த நீள ஆணி, பலகையின் கனம் அதில் தொங்கியதும் பின்னால் இரண்டு வயரை ஒன்றாக்கிவிட்டது. மேசையில் இருந்தவரை சரியாக இருந்தது. மாட்டியதும் இரக்கம் வந்துவிட்டது. அடச் சீ, இதுதானா.

பாப்பாவைத் தூக்கித் தலையணைகளுக்கு நடுவில் விட்டேன், கண்ணை உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது, அழவில்லை. என் மஞ்சள் புடவை, தொட்டிலாகக் கட்டியது, காலியாகத் தொங்குகிறது. கொச்சியில் அவர்தான் மரச்சுவரில் கொக்கியைப் போட்டார். கடைக்காரன் கொடுத்த திருகாணி குட்டை என்று திரும்பப் போய் நீளமானது வாங்கிவந்தார், பிள்ள தொங்குத கொக்கி, சும்மாவா, என்றார், முழுப் பலத்தையும் வைத்து இறுக்கினார், இறுக்கிய பிறகு தானே அதில் தொங்கிப் பார்த்தார், கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு, குரங்கு மாதிரி, நான் சிரித்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் மழைக்கோட்டு மாட்டுகிற அலமாரி. கதவைத் திறந்து, கோட்டுகளை ஒதுக்கி, டார்ச்சை அடித்தேன். மரத்தைத் துளைத்துக்கொண்டு திருகாணியின் நுனி வெளியே வந்திருந்தது, பளபளவென்று, நேராக வயர்க்கட்டுக்குள். நீல வயரின் தோல் கிழிந்து உள்ளே செம்பு மினுங்கியது, பக்கத்துக் கறுப்பு வயரும் அப்படியே, இரண்டுக்கும் நடுவில் அந்த நுனி. கொக்கியைக் கையால் கீழே அழுத்தினேன், குய். விட்டேன், அமைதி. பிள்ளையின் கனம்தான். கடலில் படகு ஆட, தொட்டில் ஆட, கொக்கி இழுக்க, எண்ணெய் இல்லை எண்ணெய் இல்லை என்று அழுதிருக்கிறது. ஓடிவந்து நான் அள்ளியதும் கனம் போய், நின்றிருக்கிறது. மாதாவே, நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன், சத்தமாக, பாப்பா என்னவென்று பார்த்தது, எனக்கு ஏன் கண்ணீர் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. சாவியை அணைத்தேன். திருகாணி வரவே இல்லை, அவ்வளவு இறுக்கம், இரண்டு கையாலும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து, உள்ளங்கை சிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது, கடைசியில் சுட்டுவிரல் நீளத்துக்கு வெளியே வந்து விழுந்தது. கிழிந்த தோல்களுக்குத் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றினேன், எங்கள் பலகைக்குச் சுற்றியதைவிட ஒழுங்காக. நீல வயரைச் சுவிட்சில் திரும்ப மாட்டினேன். பால்துணியை அவிழ்த்தேன். சாவி.

அழுதது. முழுத் தொண்டையில். பாப்பா திடுக்கிட்டு அதுவும் ஆரம்பித்தது. இரண்டையும் கொஞ்ச நேரம் அழவிட்டேன். துடுப்புச் சத்தம் வேகமாக வருகிறது, ஏட்டி என்ன ஆச்சு, என்ன சத்தம், யார் சாவியத் தொட்டது, என்று தண்ணீரிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறார், ஏறும்போது முழங்காலை இடித்துக்கொண்டார், டீசல் கேனைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஒண்ணுமில்லைங்க, உங்க கொக்கியக் கழட்டிட்டேன், என்று திருகாணியை அவர் கையில் வைத்தேன். அலமாரியைக் காட்டினேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. பிள்ள தொங்குத கொக்கின்னு, என்று ஆரம்பித்து, திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மேலே போய் எஞ்சினை ஓடவிட்டார். அழுதது, நின்றது. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கடலிலிருந்து திரும்பிய ஒரு விசைப்படகு எங்களை உரசுகிற மாதிரிப் போனது, அது கிளப்பிய அலையில் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது, தட்டில் சாஸர் பல்லைக் கடித்தது, பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை. வெட்டுறதா இல்லியா, என்று கேட்டேன். போ ஏட்டி, இவ வக்கீல் கணக்கா கேக்கா, இத வெட்டவா, நாளைக்கு இதுக்குப் பூ வைக்கணும், என்றார். பாப்பாவை இன்றைக்கு எங்கே போட, என்று நான் யோசித்தேன், என் பக்கத்தில்தான், சுவரோரம், தூத்துக்குடி வரைக்கும். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார், வெயிலில் துடுப்புப் போட்டு உதடெல்லாம் காய்ந்திருந்தது. தண்ணி இருக்கா டெல்பி, தொண்ட கட்டிருச்சு. சாஸரை எடுத்துவிட்டு அந்தத் தம்ளரை நீட்டினேன். ஒரே மூச்சில், அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். என்ன பிள்ள, எப்ப எடுத்து வச்ச தண்ணி, சூடா இருக்கு, என்றார். கொச்சியில, என்றேன்.